வரைகிறவளே கட்டி விற்கிறாள்: குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

ஜூன் 12, 2025, வியாழன். நாகர்கோவில்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை நல்ல வெயில். பனையும் உடைமரமும், வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளும்தான் கண்ணில் பட்டன. கணவாயைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வாழைத்தோட்டம், குளம், தென்னை, கூடவே சாரல். குடை பிடித்தாலும் பக்கவாட்டில் வந்து நனைக்கிற சாரல். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. இங்கே வீடு கட்டுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது மழையைத்தான் என்று தங்கச்சி சொல்வாள்.

தங்கச்சி என்றால் சித்தி மகள். இந்த ஊரில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறாள். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் குறிப்புகள் முழுக்க அவள் தங்கச்சிதான். யாராவது வந்து வீட்டுக்குப் படம் வரைந்து கேட்கட்டும் என்று அவள் காத்திருப்பதில்லை. மனையைத் தானே வாங்கி, தானே வரைந்து, கொத்தனார் வைத்துத் தானே கட்டுகிறாள். கட்டி முடித்தபின் விற்கிறாள், இல்லாவிட்டால் வாடகைக்கு விடுகிறாள். நாகர்கோவிலில் இந்த மாதிரிப் பிழைப்பை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதை அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் இந்தத் தடவை வந்தேன்.

மதியச் சாப்பாடு வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில். சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்து ஊற்றிய சாளை மீன் குழம்பு, தேங்காய் சேர்த்து மசித்த மரச்சீனிக் கிழங்கு, ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். 130 ரூபாய். பரிமாறிய அம்மா நான் பாதியில் நிறுத்தியதைக் கவனித்துவிட்டு, “மீன் முள்ளுக்குப் பயந்தா சாப்பிடாம இருக்கிய? இந்தா, நடுக்கண்டம் தாறேன்” என்று இன்னொரு துண்டு வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் அவள் ஆபீசுக்குப் போனேன். அவள் முதலில் கட்டிய நாலு வீடுகளில் ஒன்றின் முன்னறைதான் ஆபீஸ். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஜன்னல் வழியாக மூன்று பேர் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். ஒருவர் சாக்கடை மூடி உடைந்ததைச் சொன்னார், ஒருவர் மகளுக்கு வாடகை வீடு கேட்டார். இன்னொரு பாட்டி சும்மா, “கதவு திறந்திருந்துச்சு, அதான்” என்றார்.

இரவு லாட்ஜில் கூரை ஒழுகியது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி, கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது. அறை மாற்றிக் கேட்டேன், வேறு அறை காலியில்லை என்றார்கள். கட்டிலை நானே சுவரோரம் இழுத்துப் போட்டு, கீழே வாளி வைத்துப் படுத்தேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் கூரையிலிருந்து தண்ணீர் வழுக்கி, முற்றத்தில் நேர்கோடாக விழுந்துகொண்டிருந்தது.

ஜூன் 13, வெள்ளி. வடசேரி, கோட்டாறு

காலையில் ஆப்பமும் கடலைக்கறியும் 60 ரூபாய். கட்டஞ்சாயா 10 ரூபாய்.

தங்கச்சியின் கதையை இன்று நடந்துகொண்டே கேட்டேன். திருவனந்தபுரத்தில் படித்தவள். அங்கே லாரி பேக்கர் என்கிற ஆர்க்கிடெக்ட் கட்டிய கட்டடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில், சுருளாக மேலே ஏறும் அந்தச் செங்கல் கட்டடத்தில், ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்து வரைவாளாம். பேக்கர் 1917இல் பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வழக்கம் அவரிடம் இல்லை. தன் கொத்தனார்களோடு தளத்தில் நின்று, நடுவில் காண்டிராக்டர் இல்லாமல் கட்டியவர். தங்கச்சிக்கு அதுதான் மனதில் தங்கியது.

படிப்பு முடிந்து பெங்களூரில் ஒரு பெரிய ஆபீசில் வேலை. மால், அடுக்குமாடி, மறுபடியும் அடுக்குமாடி. “ஒரு தெருவுல அறுபது வீட்டை இடிச்சுட்டு ஒரு டவர் வரும்ணே. அந்த அறுபது வீட்டுல யாரு இருந்தாங்கன்னு மீட்டிங்கில ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. நானும் கேட்டதில்ல. வரையுறவளுக்கு அதைக் கேட்க இடமே கிடையாது. மனை வாங்கும்போதே எல்லாம் முடிவாயிருக்கும்.” 2014இல் ஊருக்குத் திரும்பினாள்.

இங்கே வேறு மாதிரிச் சிக்கல். வீடு கட்டுகிறவர்கள் நேராக இன்ஜினியரிடம் போவார்கள். பிளான் அப்ரூவல் வாங்கித் தருவதும் அவர்தான், கட்டித் தருவதும் அவர்தான். “பிளான் போட எதுக்குத் தனியாக் காசு?” என்று அவளிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வளைகுடாவிலிருந்து ஒரு படத்தை அனுப்பி, இதே மாதிரி முகப்பு வேண்டும், உள்ளே எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றாராம்.

அப்படிச் சில வருஷம் அலைந்தபின் அவள் எடுத்த முடிவுதான் இந்தத் தொழில். வடசேரியில் பாட்டி விட்டுப்போன 9 சென்ட் இருந்தது. வீட்டு நகையை அடகு வைத்து, மாமா ஒருவரைப் பங்குக்குச் சேர்த்து, 2016இல் நாலு வீடுகள் கட்டத் தொடங்கினாள். ஸ்லாப் போடுகிற நேரத்தில் நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுக்கக் கையில் சில்லறை இல்லை. பக்கத்து மளிகைக் கடைக்காரர் தன் கல்லாவில் இருந்த நூறு ரூபாய் நோட்டுகளை வாரக் கணக்கில் கொடுத்து உதவினாராம். அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். தெருவில் தென்னை மரங்கள் சாய்ந்தன, நிறைய வீடுகளில் ஓடு பறந்தது. இவள் ஓடுகளைக் கம்பியால் கூரையின் மரச் சட்டங்களோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் கூரை தப்பியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வீட்டுக்கு ஆள் வந்தது.

அந்த நாலு வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். தெருவில் இரண்டு வகை வீடுகள். ஒன்று பழைய ஓட்டு வீடு, வாசலில் திண்ணை. இன்னொன்று வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடி வீடு: எட்டடி மதில், இரும்புக் கதவு, உள்ளே ஆள் இல்லை, வருஷத்துக்கு ஒரு மாதம்தான் விளக்கு எரியும். மதில் வந்த இடத்திலெல்லாம் தெரு செத்துக் கிடக்கிறது, நாய்கூடப் படுப்பதில்லை. தங்கச்சி மதில் கட்டவில்லை. நாலு வீட்டுக்கும் வாசல் தெருவிலேயே திறக்கிறது. சட்டம் கேட்ட அளவுக்கு மேலும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டி, அந்த இடத்தில் நீளமாக ஒரு திண்ணை போட்டிருக்கிறாள். கூரை முன்னால் நீண்டு இறங்கி, திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் நனையாமல் காக்கிறது. கார் நிறுத்த நாலு வீட்டுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரே கொட்டகை.

அந்தக் கொட்டகையால்தான் பெரிய தகராறு. வாங்க வந்தவர்கள் எல்லாருமே, “கார் என் கதவுக்கு நேரா நிக்கணும்” என்றார்கள். ஒரு வீடு இரண்டு வருஷம் விற்கவே இல்லை. வட்டி ஏறிக்கொண்டே போனது. விலையைக் குறைக்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் திண்ணையை இடித்துக் காருக்கு இடம் விடச் சொன்னார்கள். அவள் இரண்டும் செய்யாமல் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டாள். கடைசியில் அதே வீட்டின் முன்னறைதான் அவள் ஆபீஸ் ஆயிற்று.

மதியத்துக்கு மேல் கோட்டாறு. இங்கே 11 சென்டில் ஆறு வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. முன்பு தானியக் கிடங்காக இருந்த இடம். மழையில் வேலை மெதுவாகத்தான் நடந்தது. கொத்தனாருக்கு அறுபது வயது இருக்கும். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, எதிரே இன்னொன்றை நிறுத்தி, நடுவில் கைவிரல் நுழையும் பொள்ளல் விட்டு, குறுக்கே ஒன்றை வைத்துப் பூட்டினார். ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு. சத்தம் சரியில்லை என்றால் எடுத்துவிட்டு வேறு கல். இதற்கு ராட் டிராப் கட்டு என்று பேர். பேக்கர் இந்த வட்டாரத்தில் பரவலாக்கியது. செங்கலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், நடுவில் இருக்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. “மொதல்ல இந்தப் பிள்ளை சொன்னப்ப எனக்குப் பிடிக்கல்ல. பொள்ளச் சுவர் நிக்குமான்னு கேட்டேன். இப்ப எம் வீட்டுக்கும் இதேதான் வச்சேன்” என்றார் கொத்தனார்.

மாடித் தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பிகளுக்கு இடையில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தளத்தின் அடிப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தைக் கழித்துக் கட்டிய ஓட்டால் நிரப்பினால் சிமெண்டும் மிச்சம், கனமும் குறைவு. எல்லாம் கிடங்கின் பழைய கூரையில் இருந்து இறக்கிய ஓடுகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனி முத்திரை தேய்ந்திருந்தது, பாசி இன்னும் பச்சையாக இருந்தது.

மழை வலுத்ததும் எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினோம். சித்தாளாக வந்திருந்த அக்கா ஒரு பொட்டலத்திலிருந்து ஆளுக்கு ஒரு முந்திரிக்கொத்து எடுத்துக் கொடுத்தார். கருப்பட்டி வாசம் கையில் ரொம்ப நேரம் இருந்தது.

ஜூன் 14, சனி. தக்கலை, பத்மநாபபுரம்

தக்கலையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. சாலையோரக் கடையில் பழம்பொரி 12 ரூபாய். ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கிக்கொண்டேன். விரல் நீளத்தில், தோல் மெல்லிசாக, வாசனையான பழம். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு எத்தனையாவது தடவை போனாலும் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நின்றதும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஊர் இங்கே வந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதனால் டிக்கெட் கொடுப்பவர் மலையாளத்தில் கேட்கிறார், நாம் தமிழில் பதில் சொல்கிறோம், இருவருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும். கருப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் மழை நாளிலும் வழவழவென்று குளிர்கிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று வழிகாட்டி சொன்னார்.

தங்கச்சி என்னை நேரே மரச் சட்ட ஜன்னலுக்குக் கூட்டிப் போனாள். சரிவாக வைத்த சட்டங்கள். உள்ளேயிருந்து பார்த்தால் கீழே முற்றமும் வருகிற ஆளும் நன்றாகத் தெரிகிறார்கள், வெளியேயிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. காற்று மட்டும் தாராளமாக வருகிறது, மழைத்தண்ணீர் வெளிப்பக்கமே வழிந்து போகிறது. “மதிலுக்குப் பதில் இதைத்தான் வைக்கேன். பொம்பளைப் பிள்ளைய இருக்கு, மறைவு வேணும்னு கேட்கிறவியகிட்ட இதைக் காட்டுவேன். அவிய பாட்டி வீட்டுல இருந்ததுதான், மறந்துட்டாவ.” கோட்டாறு வீடுகளின் மாடி ஜன்னல்களில் இதே சட்டம், அயனி மரத்தில்.

சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையின் வாசலில் உட்கார்ந்து, வரைகிறவரே மனை வாங்கிக் கட்டுவது சரியா என்று அவளிடம் வெளிப்படையாகக் கேட்டேன். வரைகிறவருக்குப் பண ஆசை வந்துவிட்டால் யார் தடுப்பது? அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். அமெரிக்காவில் அட்லாண்டாவைச் சேர்ந்த ஜான் போர்ட்மேன் என்று ஒருவர், 1924இல் பிறந்து 2017இல் இறந்தவர். 1967இல் திறந்த அட்லாண்டா ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் 22 மாடி உயரத்துக்கு நடுவில் வெட்டவெளி விட்டு, அதைச் சுற்றி அறைகளை அடுக்கியவர். அவரே முதலீட்டாளர், அவரே ஆர்க்கிடெக்ட். அப்போது அந்த நாட்டு ஆர்க்கிடெக்டுகள் சங்கத்தின் ஒழுக்க விதி இதை ஏற்கவில்லை. 1970களின் கடைசியில்தான் அந்த விதி தளர்ந்தது. போர்ட்மேன் நகரத்தின் நடுப்பகுதிகளையே மாற்றினார்: அட்லாண்டாவில் பீச்ட்ரீ சென்டர், சான் பிரான்சிஸ்கோவில் எம்பார்கடெரோ சென்டர், டெட்ராய்டில் ரினைசன்ஸ் சென்டர். உள்ளே போனால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அவர் கட்டடங்கள் தெருவுக்கு முதுகு காட்டுகின்றன, கட்டடத்துக்குக் கட்டடம் பாலம் போட்டதால் கீழே நடைபாதை வெறிச்சோடிவிட்டது என்ற குறை கடைசி வரை அவர் மேல் இருந்தது.

“அப்ப, கையில மனை இருந்தா மட்டும் போதாதுண்ணே” என்றாள். அவள் அதிகம் சொல்வது இன்னொருவரை. சான் டியாகோவில் ஜொனாதன் சீகல். முதலில் சின்ன மனைகளில் வரிசை வீடுகள் கட்டி விற்றவர், பிறகு வாடகைக் குடியிருப்புகளுக்கு மாறினார். லிட்டில் இத்தாலி என்கிற பகுதியில் ‘தி க்யூ’ போன்ற கட்டடங்கள் அவருடையவை. வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. மனை, வரைபடம், கட்டுமானம், வாடகை எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற ஆர்க்கிடெக்டுகளுக்கு இதைப் பாடமாகவும் நடத்துகிறார். விற்றுவிட்டுப் போகிறவனுக்கும் வாடகை வாங்கிக்கொண்டு இருக்கிறவனுக்கும் இருக்கும் வித்தியாசத்தை அவரிடம்தான் கற்றதாகச் சொன்னாள். வாடகைக்கு விட்டவன் பத்து வருஷம் கழித்து ஒழுகும் குழாய்க்கும் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் கூடுதலாக ஒன்று தோன்றுகிறது. அவள் ஆபீஸ் ஜன்னல் தெருவைப் பார்த்து இருப்பது சும்மா இல்லை. சாக்கடை மூடி உடைந்தால் அவளிடம் வந்து சொல்கிறார்கள். பெங்களூர் மீட்டிங்கில் கேட்க முடியாத கேள்வியை இங்கே தினமும் தெருவே வந்து கேட்கிறது. தன் காசைப் போட்டுக் கட்டுகிறவர் அதே தெருவில் குடியும் இருந்தால்தான் இந்தத் தொழில் ஊருக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரும்பும்போது மின்வெட்டு. லாட்ஜில் மெழுகுவர்த்தி ஒன்று கொடுத்தார்கள். கொசு விடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. கன்னியாகுமரி

கடல் கொந்தளிப்பு. விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிப் பாலத்தைக் கரையிலிருந்துதான் பார்க்க முடிந்தது. போன டிசம்பரில் திறந்தது, 77 மீட்டர் நீளம், பாறை நினைவகத்தையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. சிலையைச் செதுக்கி நிறுத்திய கணபதி ஸ்தபதியைத் தங்கச்சி ரொம்ப மரியாதையோடு பேசுவாள். 2000 ஜனவரி 1 அன்று திறந்த அந்தச் சிலையை 2004 சுனாமி அசைக்கவில்லை.

படகு இல்லாத கூட்டம் முழுக்கக் கடைத்தெருவில் நெரிந்தது. சங்கு மாலை 50 ரூபாய், பேசினால் 30. ஒரு வடநாட்டுக் குடும்பத்துப் பாட்டிக்கு மழையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பஜ்ஜி விற்கும் பையன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து ஸ்டூல் போட்டு, சுக்குக் காப்பி கொடுத்தான். மொழி தெரியாமலே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் சூரிய ஒளி விழும்படி மேலே துவாரம் வைத்திருக்கிறார்கள். இன்று வெயிலே இல்லை. சுற்றிலும் லாட்ஜ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு எழும்பியிருக்கின்றன, எல்லாமே கடல் தெரியும் அறை வேண்டும் என்பதற்காக. பின்னால் மீனவர் தெருவுக்குக் கடல்காற்று போய்ச்சேர வழியில்லை. ஒரு வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், “முன்ன எங்க வீட்டுத் திண்ணையில இருந்தே கடல் நெறம் பாப்போம். இப்ப மாடி ஏறணும்” என்றார். ஒவ்வொரு லாட்ஜையும் யாரோ ஒரு ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ வரைந்திருப்பார். அவர் இந்தத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள். குளச்சல், கொட்டில்பாடு

இந்த மாவட்டத்தில் சுனாமி மிக மோசமாக அடித்த ஊர்களில் இவை இரண்டும் உண்டு. அப்போது தங்கச்சி கல்லூரி மாணவி. கட்டட அளவு எடுக்கத் தன்னார்வலராக வந்தாள். அவள் தொழில் உண்மையில் இங்கே தொடங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு ஒன்றுக்குப் போனோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே தட்டைக் கூரை, வரிசை வரிசையாக. கட்டிக்கொடுத்த அமைப்பின் பேர் கல்லில் அழிந்துவிட்டது. இருபது வருஷத்தில் மக்கள் அந்த வீடுகளுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒருவர் முன்னால் தகரம் இறக்கித் திண்ணை போட்டிருக்கிறார். அடுத்தவர் ஓலைச் சாய்ப்பு. இன்னொருவர் இரண்டு வீட்டுக்கும் நடுவே கூரை போட்டு, அக்காவும் தங்கையும் சேர்ந்து சமைக்க இடம் ஆக்கியிருக்கிறார். மீன் கழுவ வெளியே கல், வலை வைக்கத் திறந்த பந்தல். எதுவும் சேர்க்காமல், கட்டிக்கொடுத்த பெட்டி அப்படியே இருக்கிற வீடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. “இதுதான்ணே என் பாடப்புத்தகம். என்ன வேணும்னு அவிய யார்கிட்டயும் கேட்கல்ல, தானே கட்டிக்கிட்டாவ. நான் இதைப் பாத்துத்தான் திண்ணையை முதல்லயே வரையுறேன்.”

கொட்டில்பாட்டில் ஒரு பெரியம்மா எங்களை விடவில்லை. “மழையில நனைஞ்சு நிக்கிய, ஏறி வாருங்க மக்களே” என்று கூப்பிட்டு, நெத்திலி அவியலும் சூடு சோறும் வைத்தார். நெத்திலியில் மாங்காய், பச்சை மிளகாய், தேங்காய். தட்டு காலியாகக் காலியாக அவர் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேசிய ஒரே குறை: கழிப்பறை வீட்டுக்குள்ளே, அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இருப்பது. மருமகள் வந்த நாளிலிருந்து அதை வெளியே மாற்றக் காசு சேர்க்கிறாராம். தங்கச்சி சட்டென்று நோட்டை எடுத்து, அளவு கேட்டு, அங்கேயே ஒரு படம் வரைந்து கொடுத்தாள். எவ்வளவு செலவாகும் என்று ரூபாயிலும் எழுதினாள். கொத்தனார் ஒருவர் போன் நம்பரையும் கொடுத்தாள்.

ஜூன் 17, செவ்வாய். நாகர்கோவில்

காலையில் டீக்கடையில் மனைத் தரகர் ஒருவரைச் சந்தித்தோம். அடுத்த வேலைக்கு இடம் பார்க்கிறாள். அவர் முதலில் தேரூர்ப் பக்கம் வயலை ஒட்டி 40 சென்ட் சொன்னார். டவுன் விலையில் பாதிகூட இல்லை. “மண்ணு அடிச்சா போதும், பதினஞ்சு வீடு போடலாம்.” தங்கச்சி யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்றாள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை, பறவை வருகிற இடம். நாஞ்சில் நாட்டில் மிச்சம் இருக்கிற வயலில் மண் அடிக்க அவள் தயாராக இல்லை. தரகருக்கு அவள் பேச்சு புரியவில்லை என்று சொல்ல முடியாது. “எங்கப்பனும் அங்கதான் நாத்து நட்டாரு” என்று தலையை ஆட்டினார். வயல்காரருக்கும் கடன் இருக்கிறதே என்று பிறகு சொன்னார். அதுவும் உண்மைதான்.

இரண்டாவது இடம் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் 8 சென்ட், இடிந்த ஓட்டு வீட்டோடு. சொந்தக்காரர் மஸ்கட்டில். சென்ட்டுக்கு 14 லட்சம் கேட்கிறார். தங்கச்சி 12 என்றாள். தரகர் இரவு பேசிச் சொல்வதாகச் சொன்னார். எதுவானாலும் ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிய வேண்டும். ஆடியில் இங்கே யாரும் கிரயம் வைக்க மாட்டார்கள்.

கணக்கைப் போகும் வழியில் விளக்கினாள். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையோ எட்டு வீடுகளுக்கு உட்பட்ட திட்டமோ பதிவு செய்ய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 12 சென்ட். அவள் வேலை எல்லாம் அதற்குள்தான். “அதனால வாங்குறவியளுக்கு சட்டத்தோட காவல் குறைவு. அதுக்காகத்தான் நான் அட்வான்சே வாங்குறதில்ல. கட்டி முடிச்சு, ஒரு மழைக்காலம் பாத்து, ஒழுகலைன்னா மட்டும் விலை பேசுவேன்.” அதுவரை வட்டியை அவள்தான் சுமக்க வேண்டும். கோட்டாறு ஆறு வீடுகளில் நாலை விற்று இரண்டை வாடகைக்கு வைத்துக்கொண்டால்தான் அடுத்த மனை. நாலும் விற்காவிட்டால் நகை மறுபடி அடகுக்குப் போகும்.

மதியம் அவள் வீட்டில் உள்ளித் தீயலும் அப்பளமும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது சித்தி ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்சும் நாலு வட்டுக் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தார்.

வண்டி மதுரையைத் தாண்டியதும் போனில் செய்தி வந்தது. மஸ்கட்டுக்காரர் 12.5க்கு இறங்கிவிட்டார், பத்து நாளில் முன்பணம் கேட்கிறார். வங்கிக் கடன் வர ஒரு மாதம் ஆகும், அதுவரைக்கு என்னால் ஏதாவது புரட்ட முடியுமா என்று கேட்டிருந்தாள். ஐந்து லட்சம் தருகிறேன், அந்த எட்டு சென்டில் ஒரு வீட்டை அம்மாவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், கீழ்த்தளமாக இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.